போனில் தேடுங்கள், கேட்டில் போய்ப் பாருங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியில் இணையம் வழியாக வேலை தேடுவோருக்கு

திருவள்ளூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்காருங்கள். ஜன்னலுக்கு மேலே, கதவுக்குப் பக்கத்தில், எங்கெல்லாம் இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள். ‘பார்ட் டைம் வேலை, மாதம் 25,000, படிப்பு தேவையில்லை, உடனே அழைக்கவும்.’ கம்பெனி பெயர் இருக்காது. முகவரி இருக்காது. ஒரு போன் நம்பர் மட்டும் இருக்கும். தினமும் இந்த லைனில் போய் வருகிறவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரவர் ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடுவார்கள். ஆனால் அதே வாசகம் வாட்ஸ்அப்பில், ஒரு புரொஃபைல் படத்தோடு, ‘ஹலோ, நான் ஹெச்.ஆர். பேசறேன்’ என்று வந்தால் பதில் போட்டுவிடுகிறோம்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். போன வாரம்தான் நீங்கள் மூன்று இணையதளங்களில் உங்கள் ரெஸ்யூமை ஏற்றியிருக்கிறீர்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வருகிற எந்த அழைப்பும் நாம் எதிர்பார்த்த அழைப்பு மாதிரிதான் தெரியும். ஸ்டிக்கர் ரயிலில் எல்லாருக்கும் பொதுவாக ஒட்டியிருக்கிறது; இந்த மெசேஜ் உங்களுக்கென்றே வந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்காக இணையத்தில் வேலை தேடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தேடத்தான் வேண்டும்.

முன்பு எப்படித் தேடினோம்?

1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த காலத்திலிருந்து, இந்தப் பகுதியில் வேலை தேடுவது என்றால் நடப்பதுதான். பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் ஒவ்வொரு தெருவாகப் போய், கம்பெனி கேட்டில் தொங்கும் ‘ஆட்கள் தேவை’ பலகையைப் படிக்க வேண்டும். ஃபிட்டர், டர்னர், ஹெல்பர் என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். வெயிலில் இருபது கேட் ஏறி இறங்கினால் இரண்டு இடத்தில் உள்ளே விடுவார்கள். இல்லையென்றால், உள்ளே ஏற்கெனவே வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லாதவர்களுக்குக் கேட்டுக்கு வெளியேதான் இடம்.

போன் மாற்றியது இதைத்தான். ஐ.டி.ஐ. முடித்த பையன் ‘சி.என்.சி. ஆபரேட்டர்’ என்று போட்டு, பத்து கிலோமீட்டருக்குள் என்று வடிகட்டினால், எந்த கம்பெனி ஆள் எடுக்கிறது, எவ்வளவு சம்பளம் சொல்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. குழந்தை பெற்று நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண், இரவு ஷிப்ட் இல்லாத இடத்தை மட்டும் பார்க்கலாம். ஒரே வேலைக்கு எஸ்டேட்டில் ஒரு சம்பளமும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சம்பளமும் இருந்தால், பூந்தமல்லியிலிருந்து கம்பெனி பஸ் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். மாமா, சித்தப்பா தேவையில்லை. இது சின்ன விஷயம் இல்லீங்க.

அரசு நடத்தும் தளங்கள் மூன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் ‘தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம்’ 2020-ல் தொடங்கப்பட்டது. வேலை தருபவரும் தேடுபவரும் இதில் கட்டணமில்லாமல் பதியலாம். மத்திய அரசின் ‘நேஷனல் கேரியர் சர்வீஸ்’ 2015 முதல் இயங்குகிறது, அதுவும் இலவசம். மூன்றாவது, தொழிற்பழகுநர் சேர்க்கைக்கான தளம். அப்ரண்டிஸ் என்றால் பலருக்கு அலட்சியம். ஆனால் உதவித்தொகையோடு ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை பழகி, சான்றிதழும் வாங்கிக்கொண்டு வருவதை விட நல்ல ரெஸ்யூம் ஒரு ஐ.டி.ஐ. மாணவருக்குக் கிடையாது. இந்தத் தளங்களின் முகவரி எல்லாம் ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். நடுவில் எங்கோ ‘ஜிஓவி’ என்று வந்தால் போதாது, முடிவில் இருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் இப்போது போனிலேயே செய்யலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அதனால் பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தாலும், உங்களுக்கான வேலைவாய்ப்பு அலுவலகமும் அது நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமும் வேறு வேறு. முகாமில் கலந்துகொள்ளவும் கட்டணம் இல்லை.

நூற்றைம்பது ரூபாயின் கதை

இப்போது அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு வருவோம். வீட்டிலிருந்தே வேலை. கூகுள் மேப்பில் ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், அல்லது யூடியூப் வீடியோவுக்கு லைக் போட வேண்டும். மூன்று லைக்குக்கு நூற்றைம்பது ரூபாய். சும்மா போட்டுப் பார்ப்போமே என்று போடுகிறீர்கள். நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே உங்கள் கணக்கில் வந்து விழுகிறது.

பெரும்பாலானவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். ‘ஏமாத்துறவன் காசு கேப்பான், இவன் காசு தர்றானே’ என்று தோன்றிவிடுகிறது. தூண்டில் போடுகிறவன் புழுவுக்குச் செலவு செய்யத்தானே வேண்டும்?

அடுத்து உங்களை டெலிகிராம் குழு ஒன்றில் சேர்ப்பார்கள். அங்கே நூறு பேர் ‘எனக்கு இன்று 4,000 வந்தது’, ‘எனக்கு 12,000’ என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நூறு பேரில் உங்களைப் போன்றவர் நான்கைந்து பேர் இருந்தாலே அதிகம். பிறகு ‘ப்ரீபெய்டு டாஸ்க்’. ஆயிரம் கட்டினால் 1,300 வரும். வரவும் செய்யும். ஐயாயிரம் கட்டச் சொல்வார்கள். இந்த முறை பணம் உங்கள் வங்கிக்கு வராது. அவர்கள் கொடுத்த ஒரு இணையதளத்தில் உங்கள் பெயருக்கு நேரே எண்ணாக ஏறும். அந்த எண்ணை எடுக்க இன்னொரு டாஸ்க் முடிக்க வேண்டும், அதற்கு இருபதாயிரம். அப்புறம் ‘நீங்கள் தப்பாகச் செய்துவிட்டீர்கள், உங்களால் குழுவில் மற்ற மூன்று பேர் பணமும் மாட்டிக்கொண்டது’ என்பார்கள். அப்புறம் வரி. வேலை தேடிப் போனவர், கட்டிய பணத்தை எடுக்க மேலும் பணம் கட்டுகிறவராக மாறிவிடுகிறார். நகை அடகுக் கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

இது ஏதோ உள்ளூர் ஆள் செய்யும் சில்லறை வேலை இல்லை. 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றத் தடுப்பு மையத்தின் பரிந்துரையின் பேரில், இப்படிப் ‘பகுதிநேர வேலை’ காட்டி மோசடி செய்த நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்கள் ஒரே மூச்சில் முடக்கப்பட்டன. முடக்கினால் வேறு பெயரில் வருகிறார்கள்.

இன்னொரு வகை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வீட்டிலிருந்தபடி ‘டேட்டா என்ட்ரி’. முன்பணம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு ஒப்பந்தம் அனுப்புவார்கள், போனிலேயே கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஐந்து நாளில் ஐந்நூறு படிவம் டைப் செய்ய வேண்டும். ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்து அனுப்பினால், ‘பிழை அதிகம், ஒப்பந்தப்படி நீங்கள்தான் எங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும்’ என்று பதில் வரும். மறுநாள் ஒரு ‘வக்கீல்’ பேசுவார். முத்திரை குத்திய நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரும். ‘கோர்ட்டுக்கு வரணும், இல்லன்னா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள 6,000 கட்டி முடிச்சிக்கோங்க’ என்பார்கள். வீட்டில் தெரிந்தால் திட்டுவார்களே என்ற பயத்தில் கட்டிவிடுகிற பெண்கள் நிறைய. உண்மையான நீதிமன்றச் சம்மன் சாயங்காலத்துக்குள் ஜிபே செய்யச் சொல்லாது. இப்படி நோட்டீஸ் வந்தால் கட்டாதீர்கள். 15100 என்ற எண்ணில் தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தை அழையுங்கள். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இது பலருக்குத் தெரியாது.

உங்கள் கணக்கையே கேட்டால்

எல்லாவற்றிலும் மோசமானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ‘பேமென்ட் புராசஸிங்’ வேலை. உங்கள் வங்கிக் கணக்குக்கு ‘கம்பெனிப் பணம்’ வரும், அதை அவர்கள் சொல்லும் கணக்குகளுக்கு அனுப்ப வேண்டும், நூற்றுக்கு இரண்டு ரூபாய் கமிஷன். அல்லது, பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் கொடுத்துவிட்டால் மாதம் ஒரு தொகை. பணம் இழக்க ஒன்றுமில்லையே என்று தோன்றும். ஆனால் உங்கள் கணக்கில் வருவது, மேலே சொன்ன நூற்றைம்பது ரூபாய்க் கதையில் யாரோ ஒருவர் நகை அடகு வைத்துக் கட்டிய பணம். அவர் புகார் கொடுத்ததும் போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். கணக்கு முடக்கப்படும், விசாரணை வரும், சமயத்தில் வழக்கும் வரும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, வேலை என்றார்கள்’ என்று சொல்லி நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். அரசு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அந்த வழக்கு குறுக்கே நிற்கும்.

ஆவணம் அனுப்புவதிலும் கவனம். நேர்காணலுக்கு முன்பே ஆதார், பான், பாஸ்புக், செல்ஃபி நான்கையும் கேட்டால், அது வேலைக்கான பட்டியல் இல்லை. உங்கள் பெயரில் கடன் வாங்கவும் சிம் எடுக்கவும் தேவையான பட்டியல். அடையாளம் காட்ட வேண்டுமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்த்து, உங்களுடையது இல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம். அசல் சான்றிதழ்களை எந்த ஏஜென்டிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிறகு அந்த வேலை பிடிக்கவில்லை என்று வெளியே வரவே முடியாது.

ரயில் எண்ணிய இருபத்தெட்டு பேர்

2022 ஜூன், ஜூலையில் நடந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 இளைஞர்கள் புதுதில்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நின்று, தினமும் எட்டு மணி நேரம், வருகிற போகிற ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம். டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைகளுக்கான ‘பயிற்சி’ என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவரும் லட்சக்கணக்கில் கொடுத்திருந்தார்கள். மொத்தம் இரண்டு கோடிக்கு மேல். அப்படி ஒரு பயிற்சியே ரயில்வேயில் கிடையாது. இது தெரிந்தவர் மூலம் கைமாறிய மோசடி, போன் மூலம் இல்லை. ஆனால் இன்று அதே ரயில்வே ‘ஆர்டர்’, ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை ‘ஆர்டர்’, மீனம்பாக்கம் விமான நிலைய ‘ஆர்டர்’ எல்லாம் முத்திரையோடு பிடிஎஃப் ஆக வருகின்றன.

அரசு வேலைக்கும் கட்டணம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் தனி. ரயில்வே தேர்வு வாரியமும் வாங்குகிறது. ஆனால் அவையெல்லாம் தேர்வு எழுதுவதற்கான கட்டணம், அந்தந்த வாரியத்தின் தளத்திலேயே கட்டுவது. வேலைக்கான விலை இல்லை. விமான நிறுவனங்களோ, வேலைக்கு நாங்கள் பணம் வாங்குவதில்லை என்று தாங்களே அறிவிப்புப் போடுகின்றன.

வெளிநாடு என்றால் இழப்பு பணத்தோடு நிற்காது. 2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்’ வேலை என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் பார்த்துப் போன ஐ.டி. தெரிந்த இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்படுகிறார்கள் என்று. அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றுவது. மறுத்தால் அடி. அந்த ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் கூட, இப்படி மியான்மரில் சிக்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கூட்டி வர வேண்டியிருந்தது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்ய எந்த நாட்டுச் சட்டமும் விடாது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பெயர் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். 1978-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் அனுப்புகிறது. அதன் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

நமக்கு இருக்கும் வசதி

பெங்களூரிலோ புனேயிலோ வேலை என்று வந்தால் சரிபார்ப்பது சிரமம்தான். ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே தேடும் வேலைகளில் பாதி, ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. பணமோ ஆவணமோ அனுப்பும் முன் ஒருமுறை கேட் வரைக்கும் போய் வாருங்கள்.

போனதும் செக்யூரிட்டியிடம் கேளுங்கள்: ‘அண்ணா, இங்க ஆள் எடுக்கறாங்களா? நேரா எடுக்கறாங்களா, கான்ட்ராக்டர் மூலமாவா? இந்தப் பேர்ல ஹெச்.ஆர். இருக்காரா?’ பாதி மோசடி இந்த மூன்று கேள்வியில் உடைந்துவிடும். போலிகள் நிஜ கம்பெனிப் பெயரைத்தான் பயன்படுத்துவார்கள். அந்த கம்பெனிக்கே அது தெரிந்திருக்காது. பிறகு ஷிப்ட் விடும் நேரத்தில் எதிரே இருக்கும் டீக்கடையில் நில்லுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் போடுகிறார்கள், விளம்பரத்தில் போட்ட 22,000 என்பது ஓவர்டைம் சேர்த்தா சேர்க்காமலா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று அங்கே தெரிந்துவிடும். கூகுள் ரிவ்யூவை விட டீக்கடை ரிவ்யூ நம்பகமானது. அந்த ஐந்து நட்சத்திரங்களை எல்லாம் யார் போடுகிறார்கள் என்றுதான் மேலே பார்த்தோமே.

‘இன்டர்வியூ ஆன்லைன்லதான், ஆபீஸுக்கு வர வேண்டாம்’ என்று பிடிவாதமாகச் சொன்னால் யோசியுங்கள். யூனிஃபார்ம், மெடிக்கல், கேட் பாஸ், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். ‘சம்பளத்துல பிடிச்சிக்கோங்க’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான கம்பெனி என்றால் ஒத்துக்கொள்ளும், அல்லது பேசும். மற்றவர் அழைப்பைத் துண்டித்துவிடுவார்.

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆனதும் ‘உமங்’ செயலியில் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம் அங்கே ஏறியிருக்க வேண்டும், கம்பெனியின் பங்கும் சேர்ந்து.

பணம் போய்விட்டதா?

உடனே 1930. வெட்கப்பட நேரம் இல்லை, வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கவும் நேரம் இல்லை. நீங்கள் அனுப்பிய பணம் முதல் கணக்கில் அதிக நேரம் இருக்காது; அங்கிருந்து நான்கைந்து கணக்குகளாகப் பிரிந்து, கடைசியில் எங்கோ ரொக்கமாக எடுக்கப்படும். 1930-ல் உங்கள் தகவல் பதிவானதும் அது வங்கிகளுக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்த முயற்சி நடக்கும். காலையில் போனதை மாலையில் சொன்னால் நிறுத்த ஏதாவது மிச்சம் இருக்கலாம். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் கஷ்டம்.

பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: எந்த வங்கியிலிருந்து போனது, எவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள். அந்த நம்பர், டெலிகிராம் குழுவின் பெயர், அவர்கள் கொடுத்த கணக்கு எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. அங்கே சைபர் கிரைம் பிரிவு இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் போலீஸ் ஒன்றுதான், அந்த அளவில் அலைச்சல் மிச்சம்.

முடக்கப்பட்ட பணம் உடனே உங்கள் கணக்குக்குத் திரும்பாது. நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருக்கலாம். இதற்கிடையே ‘நான் சைபர் கிரைம்ல இருந்து பேசறேன், உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், பிராசஸிங் சார்ஜ் 2,500’ என்று ஒரு போன் வரும். பணம் எடுத்தவர்கள்தான் மறுபடி பேசுகிறார்கள். அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.